அமுக்கரா: வேரா, சூரணமா, லேகியமா, கேப்சூலா?

தூக்கம் வரவில்லை, எப்போதும் அசதி, மனசு படபடப்பு என்று வாய் திறந்தால் போதும், "அமுக்கரா சாப்பிட்டுப் பாருங்களேன்" என்று சொல்ல ஆள் இருக்கிறது. எந்த அமுக்கரா என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காய்ந்த வேரை எடைபோட்டுப் பொட்டலம் கட்டித் தருவார்கள். சித்த மருந்துக் கடையில் சூரணம், லேகியம். ஆயுர்வேதக் கடையில் அரிஷ்டம். மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் 'அஸ்வகந்தா' என்ற பெயரில் கேப்சூல், கம்மீஸ் மிட்டாய். செடி ஒன்றுதான். ஆனால் ஒரு நாளில் உள்ளே போகும் மருந்தின் அளவும், அதோடு சேர்ந்து போகும் மற்ற சரக்குகளும் வடிவத்துக்கு வடிவம் வேறு.

ஒன்றைச் சொல்லிவிட்டே ஒப்பிடத் தொடங்குகிறேன். விளம்பரங்கள் அமுக்கராவுக்கு இரண்டு சான்றிதழ் காட்டுகின்றன. ஒன்று, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த மருந்து, அதனால் பயமில்லை. இரண்டு, மன அழுத்தம் குறைகிறது, தூக்கம் வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தலைமுறைகள் சாப்பிட்டது வேர்ப்பொடியை. ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்தது கேப்சூலில் அடைக்கும் செறிவாக்கிய எக்ஸ்ட்ராக்டை, அதாவது சாரத்தை வைத்து. கேப்சூல் விற்பவர் பொடியின் வயதைக் கடன் வாங்கிக்கொள்கிறார். பொடி விற்பவர் கேப்சூலின் ஆய்வு முடிவைக் கடன் வாங்கிக்கொள்கிறார். வாங்கப் போகிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

காய்ந்த வேர்

இருப்பதிலேயே விலை குறைவு இதுதான். அமுக்கரா கத்தரிக்காய் குடும்பத்துச் செடி. சந்தைக்கு வரும் வேரில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் நீமுச், மந்தசௌர் வட்டாரத்திலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வருகிறது. நல்ல வேர் வெளியே மங்கிய சாம்பல் கலந்த மஞ்சளாக, உள்ளே வெண்மையாக இருக்கும். ஒடித்தால் மாவு போல உடையும். லேசான கசப்பும் ஒரு மாதிரி நாற்றமும் உண்டு. புழு துளைத்த வேர், பூஞ்சணம் பிடித்த வேர், வேரோடு தண்டும் சருகும் கலந்த பொட்டலம் ஆகியவற்றை வாங்காதீர்கள். மாவுச்சத்து அதிகம் என்பதால் ஈரம் பட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் வாங்குவதானால் ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்தே வாங்குங்கள். வேராக வாங்குவதில் உள்ள பெரிய வசதியும் இதுதான்: கண்ணால் பார்க்கலாம். பொடியாகிவிட்டால் அது போய்விடும். அயோடின் சொட்டு விட்டு, நீலமானால் மாவு கலப்படம் என்று கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். வேரிலேயே மாவுச்சத்து இருப்பதால் சுத்தமான பொடியும் நீலமாகத்தான் ஆகும். அந்தச் சோதனை இதற்கு உதவாது.

வாங்கிய வேரை அப்படியே அரைத்துச் சாப்பிடும் பழக்கம் சித்த மருத்துவத்தில் இல்லை. முதலில் சுத்தி செய்ய வேண்டும். பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் விட்டு, வாயைத் துணியால் கட்டி, அதன்மேல் இடித்த பொடியை வைத்து மூடி, ஆவியில் வேகவைத்து, எடுத்து நன்றாகக் காயவைத்து மறுபடி பொடித்துச் சலிப்பார்கள். பிட்டவியல் என்று பெயர். வீட்டில் செய்யக்கூடியதுதான், கடினமில்லை. ஆனால் சரியாகக் காயாமல் டப்பாவில் அடைத்தால் பால் ஈரத்தோடு அடைத்ததாகிவிடும், அதற்குச் செய்யாமலே இருக்கலாம். இன்னொன்று, மாவு மில்லில் கொடுத்து அரைத்தால் உங்களுக்கு முன் மிளகாயோ மல்லியோ அரைத்தவரின் மிச்சமும் சேர்ந்து வரும்.

அளவைப் பற்றிச் சொன்னால், இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் வேர்ப்பொடிக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் என்கிறது. "ஒரு ஸ்பூன்" என்று சொல்வது அளவே இல்லை. டீஸ்பூனில் தட்டி நிரப்பினால் ஒன்று, கோபுரமாக அள்ளினால் ஒன்று. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் முதல் தடவை நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆரம்பிக்கும்போது குறைந்த அளவே போதும். அதிகமானால் முதலில் காட்டிக்கொடுப்பது வயிறு: குமட்டல், பேதி.

சூரணம்: டப்பாவுக்குள் என்ன?

அமுக்கரா சூரணம் என்று எழுதியிருப்பதால் டப்பா முழுக்க அமுக்கரா என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சித்த முறைப்படியான சேர்மானம் அழகான கணக்கு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு. மொத்தம் 255 பங்கு. அதாவது அமுக்கரா கால்வாசி, சர்க்கரை பாதி.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. 4 கிராம் சூரணம் எடுத்தால் அமுக்கரா 1 கிராம்தான் உள்ளே போகிறது. ஆகவே வேர்ப்பொடியின் 3 கிராமுக்குச் சூரணத்தின் 3 கிராம் சமமல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர்கள் அதே ஸ்பூனோடு மாறக் கூடாது, குறிப்பாகச் சூரணத்திலிருந்து தனிப் பொடிக்கு மாறும்போது. ஒரே தாவலில் நான்கு மடங்காகிவிடும்.

இரண்டாவது சர்க்கரை. 4 கிராமில் 2 கிராம் சர்க்கரை. இரண்டு வேளை என்றால் 4 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு இது பெரிய விபரீதம் இல்லை. ஆனால் தெரியாமல் சாப்பிடுவதற்கும் தெரிந்து சாப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. சர்க்கரை சேர்க்காத தயாரிப்பு வேண்டுமென்றால் லேபிளைப் படித்தே வாங்க வேண்டும். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது மிளகும் திப்பிலியும். இரண்டிலும் உள்ள பைப்பரின் மற்ற மருந்துகள் உடம்பில் சேரும் அளவைக் கூட்டக்கூடியது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் விஷயத்தில் இது தெரிந்த சங்கதி. எந்த மாத்திரையும் சாப்பிடாதவருக்கு இந்த உறைப்பு ஜீரணத்துக்கு நல்லது. வேளைக்கு நாலு மாத்திரை சாப்பிடுபவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குச் சுக்கு, திப்பிலி, மிளகு மூன்றும் சேர்ந்து எரிச்சலைக் கூட்டலாம்.

இத்தனையும் சொன்ன பிறகும், ஆரோக்கியமான ஒருவர் முதல்முறையாக அமுக்கரா முயன்று பார்க்கிறார் என்றால் என் கை சூரணத்தைத்தான் காட்டும். அளவு மென்மையானது, சுத்தி செய்த சரக்கு, உரிமம் பெற்ற தயாரிப்பு கிடைக்கிறது. அரசு நிறுவனமான டாம்ப்கால், 1944-ல் தொடங்கிய, திருவான்மியூரில் உள்ள இம்ப்காப்ஸ் கூட்டுறவு சங்கம் போன்றவற்றின் தயாரிப்புகளில் உரிம எண், தொகுப்பு எண், தயாரித்த தேதி, காலாவதி எல்லாம் அச்சாகி வரும். பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் மருத்துவர் நாடி பார்த்து, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, மருந்தையும் இலவசமாகத் தருவார். காசு கொடுத்து ஆன்லைனில் வாங்கி, அளவு தெரியாமல் சாப்பிடுவதைவிட இது எத்தனையோ மேல். வரிசையில் நிற்க வேண்டும், அதுதான் செலவு.

லேகியம், அரிஷ்டம்

லேகியம் சாப்பிடச் சுகம். பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடும். அதுவே இதன் சிக்கலும். வெல்லமோ சர்க்கரையோ நெய்யோ கணிசமாக இருக்கும். ஒரு உருண்டையில் எவ்வளவு அமுக்கரா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நோயிலிருந்து எழுந்து உடம்பு தேற வேண்டிய, ஒல்லியான, சர்க்கரை நோய் இல்லாத ஆளுக்கு இது பொருந்தும். எடை குறைக்கப் பாடுபடுபவர் ஏன் லேகியம் சாப்பிடுகிறார் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

அரிஷ்டம் நொதிக்கவைத்துச் செய்வது. அதில் தானாகவே ஆல்கஹால் உண்டாகும். பாட்டிலில் சதவீதம் போட்டிருக்கும், படிக்கவும். குடியை விட்டவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்த வடிவம் வேண்டாம்.

கேப்சூல்

இங்கேதான் எண்கள் பெரிதாகின்றன. அமுக்கராவின் முக்கிய வேதிப்பொருட்களுக்கு விதானோலைடு என்று பெயர். வேரில் இயல்பாக இவை இருப்பது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கேப்சூலில் 5 சதவீதம், 10 சதவீதம் என்று செறிவாக்கி அடைக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு வேரில் அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். 4 கிராம் சூரணத்தில் 5 மில்லிகிராம் விதானோலைடு. 3 கிராம் வேர்ப்பொடியில் 15 மில்லிகிராம். 5 சதவீத எக்ஸ்ட்ராக்ட் 300 மி.கி. கேப்சூல் இரண்டில் 30 மில்லிகிராம். 10 சதவீதம் என்றால் 60. சின்னதாக இருக்கிறதே என்று கேப்சூலை எளிதாக எடுத்துக்கொள்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை பார்க்கட்டும்.

பலன் விஷயத்தில் கேப்சூலின் பக்கம் சொல்ல நியாயம் இருக்கிறது. 2012-ல் இந்தியாவில் மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் நடந்த ஆய்வில், 300 மி.கி. வேர் எக்ஸ்ட்ராக்டை தினம் இரண்டு முறை 60 நாள் எடுத்தவர்களுக்கு, வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட அழுத்தம் குறைந்தது. 2015-ல் உடற்பயிற்சி செய்யும் 57 ஆண்களிடம் இதே அளவை 8 வாரம் கொடுத்துப் பார்த்ததில் தசை வலு கூடியது. சிறிய ஆய்வுகள், குறுகிய காலம். ஆனாலும் அளவு தெரிந்த பொருளை வைத்து நடந்தவை. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை இவை சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் மாதாமாதம் வீட்டுக்கு வந்து சேரும் 'சப்ஸ்கிரிப்ஷன்' போட்டவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கேப்சூல் வாங்குவதென்றால் லேபிளில் பார்க்க வேண்டியது முதலில் செடியின் எந்தப் பகுதி என்பது. வேர் மட்டுமா, வேரும் இலையுமா? இலையில் விதாஃபெரின்-ஏ என்ற பொருள் வேரைவிட அதிகம். அது செல்களைத் தாக்கும் தன்மை கொண்டது. இலை விலை மலிவு, அதிலிருந்து சதவீதத்தை எளிதாக ஏற்றிக்காட்டலாம். ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் அமுக்கரா இலையைத் தயாரிப்புகளில் பயன்படுத்த வேண்டாம் என்று உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. நம் முறையில் உள்ளுக்குக் கொடுத்து வந்ததும் வேர்தான். 'வேர்' என்று தெளிவாக எழுதாத புட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து விகிதம். '10:1' என்று மட்டும் போட்டிருந்தால் 10 கிலோ வேரிலிருந்து 1 கிலோ எக்ஸ்ட்ராக்ட் எடுத்தார்கள் என்பது தெரியும். அதில் விதானோலைடு எவ்வளவு என்பது தெரியாது. சதவீதமும் இருக்க வேண்டும். யாருடைய உரிமம் என்பதையும் பாருங்கள். மருந்தாக விற்பது ஆயுஷ் உற்பத்தி உரிமத்தில் வரும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருந்தால் அது உணவுத் துணைப்பொருள்.

கம்மீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை மிட்டாய் விலையில் கொஞ்சம் எக்ஸ்ட்ராக்ட் அல்ல, எக்ஸ்ட்ராக்ட் விலையில் சர்க்கரை மிட்டாய். குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

எந்த வடிவத்தையும் தவிர்க்க வேண்டியவர்கள்

கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க முயல்பவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் தாங்களாக எடுக்கக் கூடாது. டென்மார்க் 2023-ல் அமுக்கராவை உணவுத் துணைப்பொருட்களில் தடை செய்தது. அந்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2020-ல் கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. கருச்சிதைவு, தைராய்டு, பாலின ஹார்மோன் பற்றிய அச்சங்கள் அதில் இருந்தன. அந்தத் தடை அளவு மீறியது என்று இந்திய வல்லுநர்கள் பதில் சொன்னார்கள். வேருக்கும் இலைக்கும் வித்தியாசம் பார்க்காமல் மொத்தமாகத் தடை போட்டது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்ற இடத்தில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை.

தைராய்டு. இது தமிழ்நாட்டுப் பெண்கள் அதிகம் கவனிக்க வேண்டியது. அசதிக்கென்று அமுக்கரா தேடுபவருக்கு அசதியின் காரணமே தைராய்டாக இருக்கலாம். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், லேசான தைராய்டு குறைபாடு உள்ள 50 பேரில், தினம் 600 மி.கி. வேர் எக்ஸ்ட்ராக்டை 8 வாரம் எடுத்தவர்களுக்கு தைராய்டு ஹார்மோன் ஏறியது, குறைபாட்டில் உயர்ந்திருக்கும் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்கியது. கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கிறது. ஏற்கெனவே தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுபவருக்கு இரண்டும் சேர்ந்தால் அளவு மீறிப் படபடப்பு, எடை இழப்பு, கை நடுக்கம் வரலாம். தைராய்டு மிகையாக உள்ளவர்களுக்கு இது தொடவே கூடாத சரக்கு. மாத்திரையை நிறுத்திவிட்டு அமுக்கராவுக்கு மாறுவது அதைவிடப் பெரிய தவறு.

கல்லீரல். 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்காவிலிருந்து ஐந்து பேரின் கதை மருத்துவ இதழில் வந்தது. அமுக்கரா கலந்த துணைப்பொருள் எடுக்கத் தொடங்கி 2 முதல் 12 வாரத்தில் மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அரிப்பு. நிறுத்திய பின் நால்வர் சில மாதங்களில் தேறினார்கள். 2023-ல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், அமுக்கரா மட்டுமே எடுத்துக் கல்லீரல் பாதித்த எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு முன்பே கல்லீரல் நோய் இருந்தது. கல்லீரல் செயலிழந்த மூவரும் இறந்துபோனார்கள். எத்தனையோ பேர் சாப்பிடும் மருந்தில் இது அரிதுதான். ஆனால் இந்த மாதிரிப் பாதிப்பு அளவைவிட ஆளின் உடல்வாகைப் பொறுத்து வருவதாகவே மருத்துவர்கள் கருதுகிறார்கள், அதனால் 'நான் சூரணம்தானே சாப்பிடுகிறேன்' என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. கொழுப்புக் கல்லீரல் முற்றியவர்கள், மஞ்சள் காமாலை வந்து போனவர்கள், தினம் குடிப்பவர்கள் விலகி இருப்பதே சரி.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பு மாற்று செய்து எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தில் இருப்பவர்கள், முடக்குவாதம், லூபஸ் போல எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோய் உள்ளவர்கள், ஹார்மோன் சார்ந்த ப்ராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குத் தூக்கக் கலக்கம் கூடும். வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்கவும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டும் எதிர்பார்த்ததைவிட இறங்கலாம். அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, சாப்பிட்டு வந்ததை மயக்க மருந்து கொடுப்பவரிடம் சொல்லுங்கள்.

சரி, யார் எதை வாங்குவது?

நோய் எதுவும் இல்லாத, மாத்திரை எதுவும் சாப்பிடாத, ஏதோ கொஞ்ச நாளாகத் தூக்கம் கெட்டுப்போன ஆள்: சூரணம், சித்த மருத்துவர் சொன்ன அளவில், இரவு வெதுவெதுப்பான பாலில். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தேனிலோ வெந்நீரிலோ எடுக்கலாம். அப்புறம் மாலை ஐந்து மணிக்கு மேல் டீயை விட்டுப் பார்த்தாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜிம்முக்குப் போகும் பையன், ஆய்வில் சொன்ன பலன்தான் வேண்டும் என்றால், ஆய்வில் கொடுத்த பொருளையே எடுப்பதுதான் நேர்மை: வேர் மட்டும், 5 சதவீதம், 300 மி.கி. தினம் இரண்டு முறை, 8 வாரம், அதோடு நிறுத்தம். கூடவே நாலு டப்பாப் பொடியும் புரோட்டீனும் சேர்த்துச் சாப்பிட்டால், கல்லீரலுக்கு ஏதாவது ஆனால் எது செய்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தொடங்கும் முன் ஒரு கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டால் பின்னால் ஒப்பிட ஓர் எண் கையில் இருக்கும்.

வீட்டில் சுத்தி செய்யத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் மட்டும் வேர். பழக்கமில்லாதவர்கள் மலிவு என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அறுபதைத் தாண்டிய, சர்க்கரை, பி.பி., தைராய்டு என்று மாத்திரைப் பெட்டி வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நாமாக எதையும் வாங்கிக் கொடுக்கக் கூடாது. சென்னையில் இருப்பவர்கள் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த நிறுவனத்துக்கோ அரும்பாக்கம் அரசு சித்த மருத்துவமனைக்கோ அழைத்துப் போகலாம்; மற்ற ஊர்களில் மாவட்ட அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவு. போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயரை மனப்பாடமாகச் சொல்ல முயல வேண்டாம். கடைசியாக எடுத்த சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் ரிப்போர்ட்டும் இருக்கட்டும். ஆங்கில மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது அமுக்கரா டப்பாவும் அதே பையில் போக வேண்டும். திட்டுவார் என்று மறைத்தால் தைராய்டு எண் ஏன் மாறியது என்று தெரியாமல் அவர் மாத்திரை அளவை மாற்றிவிடுவார்.

எந்த வடிவமானாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்து வருவது, காரணமில்லாத அரிப்பு, நெஞ்சுப் படபடப்பு இவற்றில் ஒன்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது, மருத்துவர் கேட்பார்.